கன்ட்ரோலுக்கு வைத்திருந்த உன் ரத்தம்

போன செவ்வாய்க்கிழமை நம் லேப்பின் பழைய ஃப்ரீசரைக் காலி செய்தேன். புதியது வந்துவிட்டது. சாம்பிள்களையெல்லாம் அதில் அடுக்கிவிட்டு, பழையதை அணைத்துக் கதவைத் திறந்து போட்டதும் அந்த மணம் வந்தது. வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த ஐஸ் கரையும் மணம்; கொஞ்சம் துரு, கொஞ்சம் ஸ்பிரிட். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ள எலி செத்துக் கிடக்குது, பாரு" என்பாயே, அதே மணம். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடித்தட்டில் கெட்டித்துப்போன ஐஸைத் தட்டிப் பெயர்த்தபோது ஓர் ஐஸ்கிரீம் டப்பா கையோடு வந்தது. உன் மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி, கழுவிக் காயவைத்து, லேப்புக்குக் கொண்டுவந்த வெனிலா டப்பா. மூடியைச் சற்றே நெம்பினேன். உள்ளே சின்னச் சின்னக் குழாய்கள். மேலே கிடந்த குழாயின் மூடியில் உன் கையெழுத்தில் ‘ந’.

"களைஞ்சாச்சு" என்று, தூக்கிப் போட்டாயிற்று என்று, நீ என்னிடம் சொன்ன டப்பா அது, மக்கா. சொல்லிப் பதினோரு வருஷம் ஆயிற்று. நீ போயே எட்டு வருஷம் ஆகிவிட்டது.

எனக்கு அழுகை வந்திருக்கும் என்று நினைப்பாய். வரவில்லை. பயம்தான் வந்தது. பின்னால் டாக்டர் மேடம் வந்து நின்று, "இதெந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார். "பழைய கன்ட்ரோல் மேடம், களையணும்" என்று சொன்ன வாய் என்னுடையதுதான். அவ்வளவு வேகமாக எனக்குப் பொய் வரும் என்பது எனக்கே தெரியாது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், உன் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இப்போது தனுவச்சபுரத்தில் டிகிரி இரண்டாம் வருஷம். எனக்குக் காலை ஷிஃப்ட் உள்ள நாட்களில் கல்லூரி விட்டதும் என் வீட்டுக்கு வந்து, சாயா குடித்துவிட்டுத்தான் வெள்ளறடை பஸ் ஏறுவாள். ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டால் அடிப்பேன் என்று நீ பழக்கியதால், உன் கூடப் பிறக்காவிட்டாலும் இன்றும் நான் அவளுக்குச் சித்திதான். போன மாதம் ஒருநாள் பிஸ்கட் டின்னை நீட்டினேன். அவள் மூடியை விரலால் திறக்கவில்லை. டின்னை மடியில் இடுக்கிக்கொண்டு மணிக்கட்டால் நெம்பினாள். என் கையிலிருந்த சாயா தரையில் சிந்தியது.

"விரலுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சித்தி. போன் நோண்டி நோண்டி வலிக்குது."

"எப்பம் தொட்டு?"

"இப்பம்தான்."

"எட்டி, எங்கிட்ட கள்ளம் சொன்னா அறைஞ்சிருவேன். எப்பம் தொட்டு?"

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும், அது உனக்குத் தெரியும். பிள்ளை உடைந்து அழுதுவிட்டாள். மூன்று மாதமாம். காலையில் எழுந்தால் விரல்கள் மரக்கட்டை மாதிரி மடங்காமல் நிற்குமாம். வாய்க்குள் புண். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. யாரிடமும் சொல்லவில்லை. "அப்பாகிட்ட ஏன் மக்கா சொல்லல்ல?" என்றேன். "அப்பா தாங்கமாட்டாவ சித்தி. அம்மைக்க காரியம் கண்டு பயந்துபோனவங்க அல்லியா" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமையே டாக்டர் மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். உன்னைப் பார்த்த அதே மேடம். தலை நன்றாக நரைத்துவிட்டது. உன்னைப் பிடித்த அந்த லூபஸ் நோய் உள்ளவர்களின் ரத்தத்தை வைத்து நகரத்து மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சியை இன்னும் விடவில்லை. பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். சோதனைகள் எழுதினார். அவள் வெளியே போனதும் என்னிடம் சொன்னார், அவள் அம்மாவுக்கு நோய் வருவதற்கு முந்தைய ரத்தம் மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று. எந்த ஆன்டிபாடி முதலில் வந்தது, எது எத்தனை மாதம் கழித்து வந்தது என்று வரிசையாகப் பார்க்கலாமாம். மகளின் ரத்தம் அதே வழியில் போகிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமாம். அதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது, ஆனால் எவ்வளவு கிட்டத்தில் நின்று கவனிக்க வேண்டும் என்று தெரியும் என்றார். "அதெல்லாம் எங்க மேடம் இருக்கப் போகுது" என்றேன். சத்தியமாக அன்றைக்கு அது பொய் இல்லை. நான்காம் நாள்தான் ஃப்ரீசரிலிருந்து டப்பா வந்தது.

அந்த டப்பா எப்படி உண்டாயிற்று என்று நினைவிருக்கிறதா? நெய்யாற்றின்கரையில் அந்த ஆஸ்பத்திரி லேப்பில் தமிழ் மீடியம் படித்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். மலையாளம் படித்த மற்ற எல்லாருக்கும் நம் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கும் ஏஎன்ஏ சோதனைக்கு வரும் கிட்டில், நோய் இல்லாத ரத்தம் என்று ஒரு குப்பி கன்ட்ரோல் வைத்திருப்பார்கள். ஸ்லைடுகளில் பாதி தீர்வதற்கு முன்பே அது தீர்ந்துவிடும். அடுத்த கிட் வரும்வரை என்ன செய்வது? நல்ல ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தை எடுத்து, நாமே கன்ட்ரோலாக வைத்துக்கொள்வோம். பல சின்ன லேப்களில் நடப்பதுதான். யாருடைய ரத்தம் என்று பேச்சு வந்தபோது நான் பின்வாங்கினேன். ஊசி என்றால் எனக்குத் தலை சுற்றும்.

"ஊரெல்லாம் குத்துறவளுக்கு, ஒனக்கு குத்துனா மட்டும் நோவுமோ?" என்று சிரித்துவிட்டு நீ கையை நீட்டினாய். "எடு. எனக்க ரத்தம் ஒண்ணாம் நம்பர் ஆக்கும். கப்பையும் மீனும் தின்னு வளந்தது."

அந்த ரத்தத்தின் தெளிந்த சீரத்தைக் குழாய்களில் பிரித்து, வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க மூடியில் தமிழில் ‘ந’ என்று எழுதினாய். நார்மல் என்பதற்கு ‘ந’. அதன்பிறகு ஒவ்வொரு ஸ்லைடிலும் உள்ள சின்னக் குழிகளில் ஒன்றில் உன் சீரம். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது நோயாளியின் குழி பச்சையாக மினுங்கும். உன் குழி கருப்பாக, ஒன்றும் இல்லாமல் கிடக்கும். அந்தக் கருப்பைப் பார்த்தால்தான் மற்றவற்றை நம்பி ரிப்போர்ட் எழுதலாம். கன்ட்ரோல் மினுங்கினால் அந்த ஓட்டமே செல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மூன்று வருஷம் உன் ரத்தத்தை நம்பித்தான் நாம் அத்தனை பேருக்கும் உண்டு, இல்லை என்று சொன்னோம்.

மேடம் படித்துவிட்டுக் கொடுக்கும் கட்டுரைகளை நீதான் விழுந்து விழுந்து படிப்பாய். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பாடம் நடக்கும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நீ சொன்னது இப்போதும் அப்படியே காதில் கிடக்கிறது.

"செல்லு தெனமும் சாவும், மக்கா. செத்ததை வாரிக் களைய உள்ள ஆளு உண்டு. அந்த ஆளு மடி பிடிச்சு சோம்பிக் கிடந்தா, செத்த செல்லுக்க டிஎன்ஏ வெளிய கிடந்து புரளும். அதைக் கண்டு உடம்பு, ஏதோ வைரஸ் ஏறிட்டுன்னு நினைச்சு கூவி விளிக்கும். அந்தக் கூவலுக்குப் பேரு இன்டர்ஃபெரான்."

"பின்னே?"

"பின்னே என்ன, சொந்த வீட்டுக்காரனையே கள்ளன்னு நினைச்சு அடிதான். ஆன்டிபாடி போய் ஒட்டும். ஒட்டுனது திரண்டு கிட்னியில போய் அடையும், தேங்காப்பால் பிழியுற துணியில சக்கை அடையுற மாதிரி. அங்க நடக்குற சண்டையில சி3, சி4ன்னு உள்ள காவல் புரோட்டீன் எல்லாம் செலவாகித் தீரும். அதாக்கும் ரத்தத்துல அது குறையுது."

பக்கத்துச் சீட்டிலிருந்த பெண் உன்னை டாக்டர் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தாள். வெட்கமே இல்லாமல் உட்கார்ந்துகொண்டாய். பாறசாலை வருவதற்குள் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாய். "இதுல பயந்து பேடிக்க வேண்டிய காரியம் என்ன தெரியுமா? வெளிய ஒண்ணும் தெரியாத காலத்துலயே ஆன்டிபாடி வந்திரும். வருஷக்கணக்கா சத்தம் காட்டாம உள்ள கிடக்கும்."

இனி நான் சொல்லப்போவதை நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நீ லீவு. மகளின் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஆண்டுவிழா. மூன்றாம் வகுப்புப் பிள்ளை நடனம் ஆடுகிறாள் என்று போயிருந்தாய். நான் தனியாக ஸ்லைடு போட்டேன். கையில் இருந்தது ஒரே ஒரு ஸ்லைடு. ரிப்போர்ட்டுக்காக காஞ்சிரங்குளத்திலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் காலையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டறைக்குள் போய்ப் பார்த்தேன். உன் குழியில் பச்சை. பளிச்சென்று இல்லை, மங்கல், வெகு மங்கல். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இருந்தது. கழுவியது சரியில்லை என்று நினைத்தேன், கண் களைத்துவிட்டது என்று நினைத்தேன், கல்லு மாதிரி இருப்பவளுக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். ரெஜிஸ்டரை எடுத்து, கன்ட்ரோல் நெகட்டிவ் என்று எழுதினேன். ரிப்போர்ட்டெல்லாம் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே மங்கல். இந்தத் தடவை நான் உஷாராகிவிட்டேன், பார் என் சாமர்த்தியத்தை! புதிதாக வந்த கிட்டின் குப்பியை எடுத்துப் போட்டுச் சமாளித்தேன். மறுநாள் உன்னிடம், "ஒனக்க குழாய்ல ஏதோ பூஞ்சை பிடிச்சிருக்கு, களைஞ்சிரு, இனிமே என் ரத்தத்த வைப்போம்" என்றேன். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "நீயா? ஊசிக்கு முன்னாடி மயங்கி விழுறவளா? வா, வா, குத்துறேன்." சாயங்காலம் கிளம்பும்போது, "களைஞ்சாச்சு மக்கா" என்றும் சொன்னாய்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா? ஆரோக்கியமாக இருக்கிற எத்தனையோ பேருக்கு ஏஎன்ஏ கொஞ்சம் மினுங்கும், அதெல்லாம் நோய் இல்லை என்று மேடமே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உண்மையான காரணம் அது இல்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தால் அது அந்த ஸ்லைடோடு போய்விடும் என்று நம்பினேன். படித்தவள், லேப்பில் வேலை செய்கிறவள், இப்படி ஒரு மூடத்தனம்! உனக்குக் குழாய் மூடி திறக்கக் கஷ்டமாக இருந்த காலையிலெல்லாம், "ஃப்ரீசர் குளிருல விரல் விறைச்சிட்டு" என்று நீ சொல்வாய். நான் ஒன்றும் கேட்காமல் வாங்கித் திறந்து கொடுப்பேன். எட்டு மாதம் அப்படித் திறந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு படர்ந்தது. பாதம் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. மூத்திரத்தில் நுரை. கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள், நீ பஸ்ஸில் சொன்ன அதே சண்டை அங்கே நடந்துகொண்டிருந்தது. கட்டிலில் கிடந்தபடி உன் ரிப்போர்ட்டை நீயே வாங்கிப் படித்துவிட்டு, "எனக்க சி3 எங்க போச்சு மக்கா?" என்று கேட்டாய். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மருந்து கிட்னியைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது. ஆனால் அந்த மருந்தே உடம்பின் பலத்தையும் குறைத்துவிட்டிருந்தது. மூன்றாம் மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது, ஐந்தே நாளில் நீ போய்விட்டாய். வெள்ளறடை சபைக் கல்லறையில் உன் பெட்டியை இறக்கும்போது உன் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வயது. அவளுடைய கையைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது புரிகிறதா, அந்த டப்பாவைப் பார்த்து நான் ஏன் பயந்தேன் என்று? அந்தக் குழாய்களைச் சோதித்தால், எந்த மாதம் உன் ரத்தம் மாறியது என்று வெளியே வரும். ரெஜிஸ்டரைப் புரட்டினால், அந்த மாதம் என் கையெழுத்தில் நெகட்டிவ் என்று இருக்கும். வேலை போவது கிடக்கட்டும். உன் மகள் என்னை எப்படிப் பார்ப்பாள்? எனக்கு வேறு பிள்ளை இல்லை.

களைந்துவிடலாம் என்றே முடிவு செய்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த எழுத்தைப் படிக்க லேப்பில் வேறு ஆள் கிடையாது. கேட்கவும் ஆள் இல்லை. டப்பாவை அப்படியே மஞ்சள் கழிவுப் பையில் போட்டேன். கழிவு எடுக்கும் வண்டி மூன்று மணிக்கு வரும். பையின் வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டுவிட்டேன். அப்போது போன் அடித்தது. உன் மகள்.

"சித்தி, ரிசல்ட் எப்பம் வரும்?"

"வியாழக்கிழமை ஸ்லைடு போடுவேன் மக்கா."

பஸ்ஸ்டாண்டு சத்தத்துக்கு நடுவே குரலைத் தாழ்த்தினாள்.

"சித்தி, மோசமா இருந்தா எங்கிட்ட சொல்லாண்டாம். ஒண்ணும் இல்லன்னு சொல்லிருங்க. பரீட்சை எல்லாம் கழிஞ்சு, கொஞ்ச மாசம் போயிட்டு சொன்னா போரும். எனக்கு வேண்டி இந்த ஒரு காரியம் செய்வியளா?"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச மாசம் என்றால் என்ன என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? "மாட்டேன்" என்று கத்தினேன். லேப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "வியாழக்கிழமை நீயும் வா. பக்கத்துல நின்னு பாரு. வராம இருந்தா காலேஜ் வாசல்ல வந்து இழுத்துட்டு வருவேன்" என்று சொல்லி போனை வைத்தேன். பல்லால் கடித்து அந்த முடிச்சை அவிழ்த்தேன். கழிவுப் பையைப் பல்லால் கடித்தவள் என்று நீ இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

குழாய்களைப் புதிய ஃப்ரீசருக்கு மாற்றும்போதுதான் ஒவ்வொரு மூடியாகப் படித்தேன். மொத்தம் பன்னிரண்டு. முதல் ஐந்தில் ‘ந’, தேதி. ஆறாவதிலும் ‘ந’, நான் நெகட்டிவ் என்று எழுதிய அந்த மாதம். ஏழாவது குழாயின் தேதியைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அது நான் உன் ரத்தத்தை நிறுத்தச் சொன்னதற்குப் பிறகு எடுத்தது. அதில் ‘ந’ எழுதி, அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில், மினுங்குகிறது என்பதற்கு, ஒரு பிளஸ் போட்டிருந்தாய். எட்டாவதில் ஒரு பிளஸ். ஒன்பதாவதில் இரண்டு. பன்னிரண்டாவதில் மூன்று.

அட பாவி! நீ தெரிந்தே இருந்திருக்கிறாய். நான் களையச் சொன்ன அன்றே உனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நான் இல்லாத நேரம் பார்த்து, இடது கையில் உன்னை நீயே குத்தி, மாதாமாதம் உன் சீரத்தை ஒரு குழியில் போட்டுப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு வெளியே வந்து என்னோடு சாயா குடித்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொன்னாயா? விரல் விறைத்தது ஃப்ரீசரால் என்று என்னிடமே கள்ளம் சொன்னாய், நானும் நம்பியதுபோல நடித்தேன். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு, நீ எதிரே இருந்திருந்தால் அந்த டப்பாவாலேயே தலையில் ஒன்று போட்டிருப்பேன். போட்டுவிட்டுக் கட்டிப் பிடித்து அழுதிருப்பேன். இரண்டு பேருக்கும் பயம் மக்கா. ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், அதை ஆளுக்கொரு பக்கமாக மடியில் வைத்துக்கொண்டு போய்வந்திருக்கிறோம்.

அன்று மத்தியானமே டாக்டர் மேடத்தின் அறைக்குப் போய், டப்பாவை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரெஜிஸ்டரை வரவழைத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஒரு பிளஸ்ஸை மட்டும் கண்டு யாருக்கும் நோய் என்று சொல்லிவிட முடியாது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அன்னு பறஞ்ஞிருந்நெங்கில் மாசந்தோறும் யூரின் நோக்காமாயிருந்நு" என்றார். அன்றே சொல்லியிருந்தால் மாதாமாதம் மூத்திரம் சோதித்துப் பார்த்திருக்கலாம், கிட்னியைத் தொடும்போதே பிடித்திருக்கலாம் என்று. மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ரெஜிஸ்டரைப் பற்றி மேலிடத்துக்கு எழுத வேண்டியதை எழுதுவேன் என்றும் சொன்னார். எழுதட்டும்.

வியாழக்கிழமை உன் மகள் வந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து. இருட்டறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். ஸ்லைடை வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இருட்டில் அவள் முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். உன் ஐந்தாம் குழாய், கருப்பு. ஆறாவது, அன்று நான் பார்த்த அதே மங்கல் பச்சை. பதினோரு வருஷம் ஐஸுக்குள் கிடந்தும் மாறவில்லை. பன்னிரண்டாவது பளீரென்று கண்ணைக் கூசவைத்தது. அடுத்த குழி அவளுடையது. நான் முதலில் பார்த்தேன். மங்கல் பச்சை. ஆறாம் குழாயையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றுபோலவே இருந்தன. டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி அவளுக்கு இல்லை, சி3, சி4 நிறைவாக இருக்கின்றன, மூத்திரம் சுத்தம் என்று மற்ற ரிப்போர்ட்டுகள் காலையிலேயே வந்துவிட்டன. அதனால் எனக்கு ஆறுதல் வரவில்லை. உன்னை நான் கைவிட்ட அதே இடத்தில் அவள் வந்து நிற்கிறாள் என்றுதான் தோன்றியது.

அவளும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அம்மையும் மறைச்சா. நீங்களும் மறைச்சிய. நானும் அப்பாகிட்ட மறைச்சேன். கொள்ளாம், நல்ல குடும்பம்." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கதுக்கு இப்பம் என்னண்ணு எழுதப் போறிய?"

"ஒரு பிளஸ்."

"எழுதுங்க. நான் பாக்கணும்."

விளக்கைப் போட்டு, அவள் கண் முன்னால் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு போனை எடுத்து, அங்கேயே நின்று உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "அப்பா, நான் ஆஸ்பத்திரியில சித்திகிட்ட நிக்கேன். எனக்கு பேடியா இருக்கு அப்பா. நீங்க வாங்க." அவ்வளவுதான் சொன்னாள். அரை மணி நேரத்தில் அவர் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் மாறிப்போட்டபடி ஓடிவந்தார். தாங்கமாட்டார் என்று அவள் நினைத்த மனுஷன், அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மேடம் சொன்னதையெல்லாம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

மேடம் நோய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வராமலே போகலாம், வரவும் செய்யலாம் என்கிறார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வெயில் கூடாது. மாதம் ஒருமுறை மூத்திரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். உன் பன்னிரண்டு குழாய்களும் ஐஸ் பெட்டியில் நகரத்துக்குப் போயிருக்கின்றன. என்ன வரும் என்று தெரியாது.

என் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை மக்கா. காலையில் அவள் போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே கை சில்லிட்டுவிடுகிறது. உன்னை நினைத்தாலும் இனி வெறும் அழுகையாக வராது, இந்தப் பயமும் கூடவே வரும்; நான் சாகும்வரை என்னோடு இருக்கும். நேற்று சாயங்காலம் அவள் வந்திருந்தபோது அதை அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை ரத்தம் எடுக்க வேறு ஆளை வைக்கலாம், எனக்குக் கை நடுங்குகிறது என்றேன்.

அவள் சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டி என் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

"நடுங்கட்டும் சித்தி. நீங்களே குத்துங்க."